தெருவிற் பிறந்த செய்யுள்: 'இல்மற்றிக்' இசைத்தொகுதியின் ஆக்கமும் வரவேற்பும்

கவிதை ஏட்டில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்னரே செவியில் வாழ்ந்தது. ஏற்றம் இறைத்தோரும் நெல்லுக் குற்றியோரும் பாடிய பாட்டுக்குப் பின்னரே புலவர் யாப்பு வகுத்தனர். இவ்வுண்மையைத் தடையின்றி ஏற்கும் கற்றோர் பலரும், தங் காலத்திலே தங் கண்முன் புதியதொரு பாட்டு வடிவம் தோன்றுமிடத்து அதனைக் கவிதையென ஒப்புதற்குத் தயங்குவர். பழைய நாட்டுப்பாடல் ஆய்வுக்குரிய செல்வம் எனப்படும். புதிய தெருப்பாடல் வெறும் இரைச்சல் எனப்படும். இத்தகைய தீர்ப்பு எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்தற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, ஐக்கிய அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 19ஆந் திகதி வெளிவந்த 'இல்மற்றிக்' என்னும் றாப் இசைத்தொகுதியாகும்.

இதனை ஆக்கியவர் நாஸ் என்னும் பெயராற் பாடிய நாசிர் ஜோன்ஸ். தொகுதி வெளிவந்தபோது அவருக்கு வயது 20. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நீங்கியவர் அவர். அவ்விளைஞரின் ஏறக்குறைய 40 நிமிட நேர ஆக்கம், 2021ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தினராற் காலமெல்லாம் பேணிக் காக்கத்தக்க ஒலிப்பதிவுகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. பள்ளி இழந்த மாணவன் ஒருவனின் சொற்களை நாட்டின் தலைமை நூலகம் போற்றி வைப்பதற்கு இடையில் நிகழ்ந்தது யாது? அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

றாப் என்பது யாதென முதற்கண் அறிதல் வேண்டும். அது இராகம் அமைத்துப் பாடும் பாட்டுமன்று. தாளமின்றிப் பேசும் உரையுமன்று. நிலையானதொரு தாளத்தின்மேற் செய்யுளை விரைந்து ஒப்புவித்தலே றாப். நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளவட்டத்துள் ஓரடி பெரும்பாலும் அடங்கும். அத்தகைய அடிகள் பதினாறு சேர்ந்து ஒரு பகுதியாகும். பகுதிகளுக்கிடையே பல்லவி வரும். இக்கலை நியூயோர்க் நகரத்தின் வடபாலுள்ள புறொங்ஸ் பகுதியிற் பிறந்தது. 1973ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 11ஆந் திகதி, ஜமேக்காவிற் பிறந்து அங்குக் குடியேறிய கூல் ஹேர்க் என்பவர் மாடிக்குடியிருப்பு ஒன்றின் பொது மண்டபத்தில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு நடத்திய களியாட்டமே இதன் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகின்றது. இசைத்தட்டில் தாளம் மாத்திரம் தனித்து ஒலிக்கும் சிறு பகுதியை, இரு சுழல்தட்டுகளின் துணைகொண்டு நீட்டி ஒலிக்கச் செய்யும் முறை அவர் வழியாகப் பரவிற்று. அந்நீண்ட தாளத்தின்மேற் சொல் ஏறியது. அதே ஆண்டு செத்தெம்பர் மாதம் 14ஆந் திகதி நாசிர் ஜோன்ஸ் பிறந்தார். ஆகவே, கவிஞரும் கலையும் ஒத்த வயதினர்.

அவர் வளர்ந்த இடம் குயீன்ஸ்பிறிட்ஜ். நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில், ஆற்றின்மேல் அமைந்த பெரும் பாலத்தின் அருகே, 1939ஆம் ஆண்டளவில் அரசினராற் கட்டப்பெற்ற குடியிருப்பு அது. ஆறு மாடிகள் கொண்ட 96 கட்டிடங்களும் 3,000க்கு மேற்பட்ட வீடுகளும் உடையது. வட அமெரிக்காவின் மிகப் பெரிய பொதுக் குடியிருப்பு எனப்படுவது. தொழிலாளர் குடும்பங்கள் நலமுற வாழ்தற்கென எழுந்த அவ்விடத்தை, 1980களிற் 'கிறாக்' எனப்படும் கொக்கெயின் போதைப்பொருள் சீரழித்தது. வேலையற்ற இளைஞருக்கு விரைந்து பணந்தந்த அவ்வணிகம், அதே விரைவிற் சிறையையும் சாவையும் தந்தது.

ஆயினும், அவ்விடம் வறுமையை மாத்திரம் விளைத்ததெனக் கொள்ளலாகாது. நாசிரின் தந்தையார் ஓலு டாரா, மிசிசிப்பி மாநிலத்து நச்செஸ் ஊரிற் பிறந்து நியூயோர்க்கிற் புகழ்பெற்ற ஜாஸ் இசைக்கலைஞர். கோணெற் என்னும் ஊதுகருவியில் வல்லவர். தாயார் தபாற் பகுதியிற் பணியாற்றியவர். பெற்றோர் பின்னர் பிரிந்தனராயினும், இசை இல்லத்திற் குடிகொண்டிருந்தது. வெளியிலும் ஆசிரியர்க்குக் குறைவில்லை. மாளி மாள் என்னும் இசையமைப்பாளரும் எம். சீ. ஷான் என்னும் பாடகரும் குயீன்ஸ்பிறிட்ஜைச் சேர்ந்தோரே. 1986ஆம் ஆண்டில் அவ்விருவரும் தம் குடியிருப்பின் பெருமையைப் பாடி வெளியிட்ட இசைத்தட்டு, புறொங்ஸ் பாடகருக்கும் அவர்களுக்குமிடையே நீண்டதொரு சொற்போரை மூட்டியது. இப்போரைச் செவிமடுத்து வளர்ந்த சிறுவனுக்குத் தன் தெருவே பாடுபொருளாகும் என்னும் உணர்வு இயல்பாகவே அமைந்தது.

பள்ளியை விட்ட பின்னர் அவர் பயின்ற முறை, பழைய குருகுலப் பயிற்சியை ஒருவாறு ஒத்தது. லாஜ் புறொபெசர் என்னும் இளம் இசையமைப்பாளர் அவரைத் தம்முடன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். றக்கிம் போன்ற மூத்த பாடகர் பணம் செலுத்திப் பெற்ற நேரத்தில் எஞ்சியதைக்கொண்டு அச்சிறுவன் தன் செய்யுள்களைப் பதிந்தான். 1991ஆம் ஆண்டில் லாஜ் புறொபெசரின் மெயின் சோர்ஸ் என்னும் குழுவினரது பாடலொன்றில் முதற்பகுதியைப் பாடும் வாய்ப்புக் கிட்டியது. அப்பகுதியைக் கேட்டோர் இவன் யாரென வினவத் தொடங்கினர். மூன்றாண்டின் பின் தனித்தொகுதி வெளிவரும்வரை அவ்வினா ஓயவில்லை.

எனினும், வணிக நிறுவனங்கள் உடனே கதவு திறக்கவில்லை. எம். சீ. சேர்ச் என்னும் பாடகர் நாஸின் மாதிரிப் பதிவுகளை எடுத்துச் சென்றபோது, றாப் இசையில் முதன்மை பெற்றிருந்த டெப் ஜாம் நிறுவனம் ஏற்க மறுத்தது. அதன்பின் கொலம்பியா நிறுவனத்திற் பணியாற்றிய பெயித் நியூமன் அம்மையார் அவற்றின் தரமறிந்து ஒப்பந்தஞ் செய்தார். 1992ஆம் ஆண்டில் முதற் தனிப்பாடல் திரைப்படத் தொகுதியொன்றில் இடம்பெற்றது. அதே ஆண்டில், மேல்மாடி வீட்டில் வாழ்ந்தவரும் இசைத்தட்டுச் சுழற்றி அவருக்குத் துணைநின்றவருமாகிய இளமை நண்பர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நிகழ்ச்சியில் நாஸின் தம்பியும் சூடுபட்டுக் காயமுற்றார். தொகுதி முழுவதிலும் சாவின் நிழல் படிந்திருத்தற்கும், இறந்தோர் பெயர்கள் மீண்டும் மீண்டும் நினைவுகூரப்படுதற்கும் காரணம் வேறு தேடவேண்டியதில்லை.

தொகுதியின் ஆக்கமுறை அக்காலத்துக்குப் புதியது. ஒரு பாடகருக்கு ஓர் இசையமைப்பாளர் என்பதே அதுவரை பெருவழக்கு. 'இல்மற்றிக்' தொகுதிக்கோ லாஜ் புறொபெசர், டீ. ஜே. பிறீமியர், பீற் றொக், கியூ-ரிப், எல். ஈ. எஸ். ஆகிய ஐவர் இசை வகுத்தனர். பீற் றொக் அமைத்த 'த வேர்ல்ட் இஸ் யுவேர்ஸ்' என்னும் பாடலைக் கேட்ட பிறீமியர், தம் ஆக்கம் அதனோடு ஒப்ப நிற்கவேண்டுமென எண்ணித் தாம் முன்னர் செய்ததை மாற்றியமைத்ததாகப் பின்னாளிற் கூறினார். இங்ஙனம் ஒருவரை ஒருவர் விஞ்ச முயன்றதால் தொகுதியின் தரம் உயர்ந்தது. பாடகரோ ஒருவரே. ஏ-சீ என்னும் நண்பர் ஒருவர் மாத்திரம் ஒரு பாடலிற் பங்குகொண்டார்.

இவர்கள் கையாண்ட முறை 'சாம்ப்ளிங்' எனப்படும். பழைய இசைத்தட்டொன்றிலிருந்து சில விநாடி ஒலியை வெட்டியெடுத்து, அதனை மீள மீளச் சுழலவிட்டு, அதன்மேற் புதிய தாளம் அமைப்பதே அம்முறை. 1987ஆம் ஆண்டில் அறிமுகமான எஸ். பி. 1200 என்னும் கருவி இதற்குப் பெரிதும் பயன்பட்டது. அக்கருவியின் நினைவகத்தில் ஏறக்குறைய 10 விநாடி ஒலி மாத்திரமே அடங்கும். இக்குறைபாடே கலையின் இலக்கணமாயிற்று. குறள் வெண்பாவின் ஏழு சீர்க்குள் கருத்தை அடக்குவோன் சொல்லைத் தேர்ந்தெடுக்குமாறுபோல, இசையமைப்பாளன் பத்து விநாடிக்குள் தனக்கு இன்றியமையாத ஒலியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். மேலும், 1991ஆம் ஆண்டில் நியூயோர்க் நீதிமன்றமொன்று வழங்கிய தீர்ப்பின் பின்னர், பிறர் இசையை அனுமதியின்றி எடுத்தல் சட்டத்துக்கு மாறாயிற்று. எடுப்பதற்குப் பணங் கொடுக்கவேண்டிய நிலையில், எதனை எடுப்பது என்னும் தெரிவு மேலும் கூர்மை பெற்றது.

அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டவற்றுட் பல ஜாஸ் இசைத்தட்டுகள். அஹ்மத் ஜமாலின் பியானோ ஒலி ஒரு பாடலிலும், ஹீத் சகோதரரின் இசை மற்றொரு பாடலிலும், டொனல்ட் பேட், ஜோ சேம்பர்ஸ் ஆகியோரின் ஒலிகள் வேறொன்றிலும் கலந்துள்ளன. இது மகனின் தலைமுறை தந்தையின் தலைமுறையோடு உறவாடுதல் ஆகும். அவ்வுறவு ஒரு பாடலில் வெளிப்படையாகவே நிகழ்கின்றது. வாழ்வின் நிலையாமையைக் கூறும் மூன்றாம் பாடலின் ஈற்றில் ஓலு டாரா தாமே கோணெற் ஊதுகின்றார். இருபது வயதை எட்டியதையே ஒரு பேறாக எண்ணி மகன் பாடி நிறுத்த, தந்தையின் ஊதுகருவி அமைதியாகத் தொடர்கின்றது. எட்டாம் வகுப்போடு ஏட்டுக் கல்வி நின்றபோதும், இல்லத்திற் பெற்ற கல்வி நிற்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனிச் செய்யுளை நோக்குவாம். தமிழ்ச் செய்யுளில் எதுகை அடியின் தொடக்கத்தில் நிற்கும். ஆங்கிலச் செய்யுளில் ஒலியொப்புமை அடியின் இறுதியில் நிற்கும். தமிழார் இதனை இயைபு என்பர். தொடக்ககால றாப் பாடகர் ஓரடியின் ஈற்றை மற்றோரடியின் ஈற்றோடு இயைத்ததோடு அமைந்தனர். 1980களின் பிற்பகுதியில் றக்கிம் அவ்வியைபை அடியின் நடுவிலும் புகுத்தி, ஒரு வாக்கியம் தாளவட்டத்தின் எல்லையைக் கடந்து அடுத்ததில் முடியுமாறு செய்தார். நாஸ் அவ்வழியில் மேலும் ஒரு படி சென்றார். ஓரசைக்கு ஓரசை என்னும் நிலை மாறி, மூன்று நான்கு அசைகள் கொண்ட தொடர் முழுவதும் மற்றொரு தொடரோடு ஒலியால் ஒக்குமாறு அமைத்தார். ஆயினும், கேட்போர்க்கு அது தெருவோரத்துப் பேச்சுப் போலவே தோன்றும். அணி வெளியே துருத்தாமற் பொருளோடு கலந்து நிற்றல் நல்ல செய்யுளின் இலக்கணம்.

பாடுபொருளைக் கையாண்ட திறத்துக்கு 'வண் லவ்' என்னும் பாடல் சிறந்த எடுத்துக்காட்டு. தமிழ்ப் புலவர் வள்ளல்களுக்குச் சீட்டுக்கவி எழுதியமை யாவரும் அறிந்ததே. 'வண் லவ்' பாடலும் ஒருவகைச் சீட்டுக்கவி. ஆனால், அது எழுதப்படுவது சிறையில் இருக்கும் நண்பருக்கு. முதலிரு பகுதிகளிலும் ஊர்ச்செய்திகள் கூறப்படுகின்றன: பிறந்த குழந்தை, கடிதம் எழுதாத மனைவி, பகைவரோடு சேர்ந்துகொண்ட பழைய தோழர், இன்னும் நிற்காத துப்பாக்கிச் சண்டை. கேட்போன் அக்கடிதங்களை மறைந்து படிப்பவன்போல் ஆகின்றான். மூன்றாம் பகுதியிற் கடிதம் நின்றுவிடுகின்றது. பாடுவோன் தன் குடியிருப்பில், போதைப்பொருள் விற்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைச் சந்தித்துப் பேசுகின்றான். சிறையிலிருப்போரின் இடத்தை நிரப்ப அடுத்தவன் ஆயத்தமாகின்றான் என்பது குறிப்பு. அறிவுரை கூறும் மூத்தவனுக்கும் இளமை கழியவில்லை. அவன் சொல் சிறுவன் செவியில் ஏறியதா என்பதும் கூறப்படவில்லை. குற்றத்தைக் கண்டிக்கும் நூறு மேடைப்பேச்சுக்கள் உணர்த்தாததை இம்மூன்றாம் பகுதி உணர்த்துகின்றது.

இத்தொகுதி மூன்று வகையினரால், மூன்று வேறு காலங்களில் ஏற்கப்பட்டது. முதலில் ஏற்றோர் அக்கலையை நன்கு அறிந்த சுவைஞர். 'த சோர்ஸ்' என்னும் ஹிப்ஹொப் சஞ்சிகை இசைத்தொகுதிகளுக்கு ஒலிவாங்கிகளின் எண்ணிக்கையால் மதிப்பளித்து வந்தது. அதன் உச்சமான ஐந்து ஒலிவாங்கிகள் மிக அரிதாகவே வழங்கப்பட்டன. மின்யா ஓ என்னும் இளம் பெண் எழுத்தாளரின் மதிப்புரையோடு, புதியவர் ஒருவரின் முதற் தொகுதிக்கு அவ்வைந்தும் வழங்கப்பட்டமை பெரும் பேச்சாயிற்று. தொகுதி வெளிவருமுன்னரே களவாகப் படியெடுத்த ஒலிநாடாக்கள் நகரெங்கும் பரவியிருந்தமையும் சுவைஞரின் வேட்கையைக் காட்டும்.

சந்தை அவ்வேகத்தில் அசையவில்லை. முதல் வாரத்தில் ஏறக்குறைய 59,000 படிகளே விற்பனையாயின. நாடளாவிய விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடமே கிடைத்தது. அதற்கு ஐந்து மாதங்களின் முன் வெளிவந்த கலிபோணியப் பாடகர் ஸ்னூப் டோக்கின் முதற் தொகுதி, ஒரே வாரத்தில் எட்டு இலட்சத்துக்கு மேல் விற்று முதலிடம் பெற்றிருந்தது. மேற்குக் கரையின் களியாட்ட இசை ஆட்சி செலுத்திய அந்நாளில், இருண்ட நியூயோர்க் தெருவின் செய்தியைக் கேட்போர் குறைவாயிருந்தனர். ஐந்து இலட்சம் என்னும் அளவை எட்டியதற்கான சான்று 1996ஆம் ஆண்டிலும், பத்து இலட்சத்துக்கான சான்று 2001ஆம் ஆண்டிலுமே கிடைத்தன. கிறாமி விருதுக்கு அது முன்மொழியப்படவுமில்லை. அவ்விருதை நாஸ் முதன்முதலாகப் பெற்றது 2021ஆம் ஆண்டில், வேறொரு தொகுதிக்காக.

புகழ் ஆக்கியோனுக்கு ஒரு சுமையுமாயிற்று. 1996ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது இரண்டாந் தொகுதி விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. எனினும், சந்தைக்காகத் தரத்தைத் தாழ்த்தினார் என முதற் சுவைஞரே குறைகூறினர். இருபது வயதில் எழுதியதை அளவுகோலாகக்கொண்டு எஞ்சிய வாழ்நாளின் ஆக்கங்கள் யாவும் அளக்கப்பட்டன.

கடைசியாக வந்தோர் கற்றோர். 2009ஆம் ஆண்டில் மைக்கல் எரிக் டைசன், சொஹெயில் தௌலத்சாய் ஆகிய பேராசிரியர் இருவர் பதிப்பித்த நூலொன்றில், தொகுதியின் ஒவ்வொரு பாடலுக்கும் ஒவ்வோர் அறிஞர் விளக்கவுரை எழுதினர். மூலம் ஒன்றுக்கு உரை எழுதத் தோன்றுமாயின் அது இலக்கியமாயிற்றென்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. 2013ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து ஆய்வு நிலையமொன்று நாசிர் ஜோன்ஸ் பெயரில் ஹிப்ஹொப் ஆய்வாளருக்கான புலமைப்பரிசிலை நிறுவியது. 2014ஆம் ஆண்டில் வாஷிங்டன் தேசிய சிம்பனி இசைக்குழுவினர் பின்னணி இசைக்க, அத்தொகுதி கென்னடி கலை மண்டபத்தில் அரங்கேறியது. காங்கிரஸ் நூலகத்தின் ஏற்பு, மேற்கூறியவாறு, 2021ஆம் ஆண்டில் நிகழ்ந்தது.

இவ்வளவு புகழுக்குரிய தொகுதி குற்றமற்றதா என வினவுதல் நியாயமே. அதில் இழிசொற்கள் மலிந்துள்ளன. மூன்றாம் பாடலின் பெயரே வகுப்பறையில் உரக்கச் சொல்லத்தக்கதன்று. பெண்கள் மதிப்போடு பேசப்படும் இடங்கள் மிகச் சில. துப்பாக்கியைப் பற்றிய பெருமிதமும் ஆங்காங்கு தலைகாட்டுகின்றது. இவற்றை மறைத்துப் புகழ்தல் திறனாய்வாகாது. 'அது அவர்கள் வாழ்க்கை' எனக் கூறி எல்லாவற்றையும் மன்னித்தலும் ஆகாது; பெண்களைப் பற்றிய புன்மொழி ஆக்கியோனின் பார்வைக் குறையே. ஆனால், தீமையைக் காட்டுதல் வேறு, தீமையை விற்பனைப் பொருளாக்குதல் வேறு. 'இல்மற்றிக்' பாடல்களில் வன்முறைக்குப் பின் வருவது வெற்றி விழாவன்று. உறக்கமின்மை, ஐயம், இழந்தோர் நினைவு, சிறைக்கு எழுதும் கடிதம். கேட்போன் அவ்வாழ்வை விரும்பி எழுவதில்லை. அதன் விலையை அறிந்து எழுகின்றான்.

அவ்விலை கற்பனையன்று. தொகுதியின் இருபதாம் ஆண்டை ஒட்டி 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஆவணத் திரைப்படத்தில் ஒரு காட்சி உண்டு. தொகுதிக்கென அந்நாளிற் குயீன்ஸ்பிறிட்ஜில் எடுக்கப்பட்ட புகைப்படமொன்றை நாஸின் தம்பி கையில் ஏந்தி, அதிற் காணப்படும் இளைஞர் பின்னர் என்னவாயினர் என ஒவ்வொருவராகச் சுட்டிக் கூறுகின்றார். பலர் சிறைப்பட்டோர். அப்படத்தில் நின்ற ஒருவரின் பெயரை மாத்திரமே பல்கலைக்கழகம் பின்னர் தன் புலமைப்பரிசிலுக்குச் சூட்டியது.

இவ்வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இருவகையிற் பயன்படும். பள்ளியை விட்டவர் புகழ்பெற்றார். ஆதலாற் பள்ளி வேண்டா என முடிவுகட்டுதல் பிழையாகும். அவர் பள்ளியை விட்டாரேயன்றிப் பயிற்சியை விடவில்லை. மூத்தோரின் வாயிற்படியிற் காத்திருந்து, எஞ்சிய நேரத்தை இரந்து பெற்று, சொல்லைத் தேர்ந்து தேர்ந்து கற்றார். அவருக்குக் கிடைத்த தந்தையும் வழிகாட்டிகளும் கிடையாத பிள்ளைகளின் முடிவை அப்புகைப்படம் காட்டுகின்றது. எத்துணைப் பேரின் திறமை அங்ஙனம் அழிந்ததென்பதற்குக் கணக்கில்லை. எட்டாம் வகுப்பிலேயே அதனைக் கண்டுகொள்ளும் செவி பள்ளியிடம் இருந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, புதியதொரு கலையை மதிப்பிடுவோன் அதன் பிறந்த இடத்தையோ, விற்பனைத் தொகையையோ, விருதுகளையோ நோக்கித் தீர்ப்பளித்தல் ஆகாது. 1994ஆம் ஆண்டிற் சுவைஞர் கண்ட நயம், 2021ஆம் ஆண்டில் நூலகம் ஏற்றபோது கூடியதுமில்லை, அதற்கு முன் குறைந்திருந்ததுமில்லை. பாடல்கள் அவையே. பொறுமையோடு கேட்டோர் முன்னதாக அறிந்தனர். கேளாதோர் பின்னர் அறிந்தனர்.